எஸ்லர் வீட்டுப் பந்திக்காசு

கில்லிமோர் ஊரில் மெர்வின் எஸ்லருக்கு உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களிடம்தான் செல்வாக்கு அதிகம். முப்பது வருடம் மாட்டுத்தீவன லாரி ஓட்டியவர். ஆன்ட்ரிம் மாவட்டத்தின் அந்த மூலையில் அவருடைய லாரி நுழையாத பண்ணை முற்றம் கிடையாது. மூட்டைகளை இறக்கிவிட்டு ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்த வீட்டின் ஐந்து தலைமுறையையும் கறந்துகொண்டு வந்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அதுவே அவருக்குப் பிழைப்பு மாதிரி ஆகிவிட்டது. சல்லிக்காசு வருமானம் இல்லாத பிழைப்பு.

கோடை வந்தால் கனடாவிலிருந்தும் ஓஹையோவிலிருந்தும் ஆட்கள் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். "எங்க முப்பாட்டன் இந்த ஊரு பிரஸ்பிட்டேரியன்" என்பார்கள். எந்தப் பிரஸ்பிட்டேரியன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். பாவம், எங்கள் ஆட்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? கோபித்துக்கொண்டு பிரிந்து போவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. கில்லிமோரில் கடை ஒன்றுதான், சபை மூன்று. முதல் சபை, அதிலிருந்து முறைத்துக்கொண்டு போன இரண்டாம் சபை, இந்த இரண்டு பேருமே நரகத்துக்குத்தான் போவார்கள் என்று நம்பி மலையடிவாரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கிக்கொண்ட மூன்றாவது சபை. பிரிந்து போன போதகர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போனார்கள். பாதியை எலி தின்றது. மீதியைக் குளிர்காலத்தில் அடுப்பு தின்றது.

அதனால் மெர்வின் வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். "உங்க ஆளு எந்தச் சபையில இருந்தாருன்னு தேடாதீங்க. யார்கூடச் சண்டைன்னு தேடுங்க. சண்டை கிடைச்சா சபை கிடைச்சிடும்."

அவர் சொன்னது பெரும்பாலும் பலிக்கும். பிறகு அவர்களை ஆலயத்துக்குக் கூட்டிப்போய் அவர்களுடைய முன்னோர் உட்கார்ந்த இருக்கையில் உட்காரவைப்பார். யாருடைய பாட்டி வேலையே செய்யக்கூடாத ஞாயிறு ஓய்வுநாளில் உருளைக்கிழங்கு தோண்டிப் பிடிபட்டாள், யாருடைய பூட்டன் குடித்துவிட்டு மூப்பரை அடித்ததற்காகச் சபை நடுவே முக்காலியில் நின்று மன்னிப்புக் கேட்டான் என்பதையெல்லாம் உப்புப் போட்டு, காரம் போட்டுச் சொல்வார். ஒரு கனடாக்காரப் பெண்மணி இதைக் கேட்டு அழுதேவிட்டாள். அவள் அழுததையும் அடுத்த வருடம் வந்தவர்களிடம் கதையாகச் சொன்னார்.

இத்தனை பேருக்கு வேரைத் தோண்டிக் கொடுத்த மனிதர், சொந்த அக்காளை எதிரே கண்டால் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அக்காள் ஐசோபெல், எல்லோருக்கும் ஐசா, அதே சாலையில் நாலு வயல் தள்ளித்தான் இருந்தாள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அவளுக்கும் நுரையீரலில் புற்று என்றும் வருடம் தாண்டுவது கஷ்டம் என்றும் ஊரெல்லாம் பேச்சு. மகள் ஹேசல் பெல்ஃபாஸ்ட் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவோடு வந்து தங்கியிருந்தாள்.

எல்லாம் ஒரு ஈயத் துண்டுக்காக. பெருவிரல் நகம் அளவு இருக்கும். முட்டை வடிவம். ஒரு பக்கம் ஊரின் முதல் எழுத்து, மறுபக்கம் 1811. எங்கள் பக்கத்தில் அதைப் பந்திக்காசு என்பார்கள். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டுமுறை, கர்த்தரை நினைத்து ரொட்டியும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நடக்கும். அதற்கு முன்னால் மூப்பர் வீடு வீடாக வந்து விசாரிப்பார். ஒழுங்காக இருக்கிறாயா, யாரோடும் பகை இல்லையே என்று கேட்டுத் திருப்தியானால் ஒரு பந்திக்காசு தருவார். அது கையில் இல்லாதவனுக்குக் கர்த்தருடைய பந்தியில் இடமில்லை. "சனிக்கிழமை வாங்கணும், ஞாயித்துக்கிழமை பந்தியில உட்காரும்போது மூப்பரோட தட்டுல போடணும்" என்று மெர்வின் வெளிநாட்டுக்காரர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருப்பார்.

எஸ்லர் வீட்டில் அப்படி ஒன்று நூல் கட்டிக் கணப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது. மெர்வினின் பாட்டனுக்கும் பாட்டனான ஆதாம் எஸ்லருடையது. "எங்க ஆளுங்க பந்திக்காரங்க" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் காட்டுவாள். சின்ன வயதில் ஐசாவும் மெர்வினும் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து முன்கையில் வைத்து அழுத்துவார்கள். யார் கையில் எழுத்து அதிக நேரம் பதிந்து நிற்கிறதோ அவர் ஜெயித்தார். ஐசாதான் ஜெயிப்பாள். வலித்தாலும் சொல்லமாட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்த நாளில் வீடு நிறைய ஆட்கள். கையில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சுமாக நின்றுகொண்டிருந்தார்கள். மெர்வின் தற்செயலாகக் கணப்புப் பக்கம் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. ஐசா கோட்டுப் பையில் கையை விட்டபடி வாசல் பக்கம் நின்றாள். அவருக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது.

"அம்மா உடம்புச் சூடு ஆறலை, அதுக்குள்ள கை வச்சிட்டியா? திருடி!"

கோப்பைகள் அப்படியே நின்றன. ஐசா அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், கதவைத் திறந்தாள், போய்விட்டாள். அன்றைக்குப் போனவள்தான்.

இதில் ஒரு கொடுமை உண்டு. மெர்வின் சபை மூப்பர். ஐசாவின் வீடு அவருடைய பொறுப்பில் இருந்த சாலையில் இருந்தது. இப்போது ஈயக்காசு போய்க் காகிதச் சீட்டு வந்துவிட்டது. ஆனால் மூப்பர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்கிற வழக்கம் போகவில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அவர் ஐசாவின் கதவுத் துளையில் சீட்டைத் தள்ளிவிட்டு மணியடிக்காமல் திரும்பிவிடுவார். திருவிருந்து ஞாயிறன்று அவளுடைய சீட்டு ஒருமுறைகூடத் தட்டில் விழுந்ததில்லை. 'திமிர்' என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்டே ரொட்டித் தட்டை ஏந்தி வரிசை வரிசையாகப் போவார்.

"போய்ப் பாரு மெர்வின்" என்றாள் மனைவி வயலெட், அந்த வசந்தத்தில் ஒருநாள்.

"அவ கூப்பிடட்டும்."

"உனக்குச் செத்தவங்களைத்தானே புடிக்கும். கொஞ்சம் பொறு, அவளும் உனக்குப் புடிச்ச மாதிரி ஆயிடுவா."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.  ஐசா வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்த ஆண்டு முதல் சபைக்கு இருநூற்றைம்பது வயது. சபையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்றும் அதை மெர்வின் எழுதுவது என்றும் முடிவாயிற்று. வேறு யார் எழுதுவது? ஆதாம் எஸ்லருக்கு மட்டும் அவர் ஒரு பக்கம் முழுதாக ஒதுக்கினார். 'கர்த்தருடைய பந்திக்கு ஒருநாளும் தவறாதவர்' என்று எழுதினார். ஆதாமின் தம்பி வில்லியம் இரண்டாம் சபைக்குப் போனதை 'சங்கீதம் பாடும் முறை பற்றிய மனச்சாட்சியின் வேறுபாடு' என்று நாசூக்காக முடித்தார். அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டார்.

அக்டோபர் திருவிருந்தைப் பழைய முறைப்படியே நடத்தலாம் என்று போதகர் அலஸ்டர் கால்ட் ஆசைப்பட்டார். நடுப்பாதையில் நீள மேசை, வெள்ளை லினன் விரிப்பு, கையில் ஈயக்காசு. மேசையின் முனையில் நின்று தட்டில் காசு வாங்கும் மூப்பர் மெர்வின்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சபை அறையின் அலமாரியில் பழைய பந்திக்காசுகள் ஒரு தோல் பையில் கிடந்தன. போதகரும் அவரும் ஒரு மாலை அவற்றை மேசையில் கொட்டித் துணியால் துடைத்தார்கள்.

"எல்லாம் கூழாங்கல் மாதிரி தேஞ்சு போச்சே" என்றார் போதகர். "எழுத்தே தெரியலை."

"தேயாம? எத்தனை கை மாறியிருக்கும். சனிக்கிழமை வெளிய போகும், ஞாயித்துக்கிழமை பைக்குள்ள திரும்பி வரும். எங்க வீட்டுக் காசைப் பாக்கணும் நீங்க. இதே வருஷத்துது. எழுத்து அப்படியே கத்தி மாதிரி இருக்கும். கையில அழுத்துனா பதியும்."

போதகர் துடைத்துக்கொண்டே, ஒன்றும் நினைக்காமல்தான் கேட்டார். "அப்படியா? எல்லாம் பைக்குத் திரும்பியிருக்கணுமே. உங்களோடது மட்டும் எப்படி வீட்டுல தங்குச்சு?"

மெர்வின் துடைப்பதை நிறுத்தினார்.  கையில் இருந்த தேய்ந்த காசைப் பார்த்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுதான். இத்தனை வருடம் ஊரார் வீட்டு முன்னோர்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர், தம் வீட்டு ஆணியில் தொங்கியதைப் பார்த்து இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. தட்டில் விழுந்திருந்தால் அது வீட்டில் இருந்திருக்காது. வீட்டில் இருந்தது என்றால் ஆதாம் எஸ்லர் காசை வாங்கிக்கொண்டு பந்திக்குப் போகவில்லை. எழுத்துத் தேயாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அந்தக் காசு மறுபடி யார் கைக்கும் போகவே இல்லை.

"தெரியலை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

இருட்டுவதற்குள் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அது ஊருக்கெல்லாம் பொதுவான பழைய பாரிஷ் கோயிலுடையது. கோயில் இடிந்து சுவர் மட்டும் நிற்கிறது. முதல் சபை, இரண்டாம் சபை, தகரக் கூரை எல்லோரும் அங்கேதான் வந்து படுத்தாக வேண்டும். ஆதாமின் கல் எஸ்லர் வரிசையின் கடைசியில் இருக்கிறது. தம்பி வில்லியமின் கல் தனியாக வடக்குச் சுவரோரம். "வரிசையில இடம் பத்தலை, அதான் அங்க" என்றுதான் அவர் இத்தனை நாளும் சொல்லி வந்தார். இப்போது நின்று பார்த்தார். இரண்டு கல்லுக்கும் நடுவே புல்தான் இருந்தது. இன்னும் இரண்டு பெட்டி தாராளமாக இறக்கலாம். பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை அவர் வேறு யாருடைய குடும்பத்தில் பார்த்திருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

மறுநாள் பந்திச் சீட்டுகளைக் கொடுக்கக் கிளம்பினார். இந்த முறை சீட்டைக் காட்டினால் சனிக்கிழமை சபை அறையில் ஈயக்காசு தருவதாக ஏற்பாடு. ஐசாவின் கதவுத் துளையருகே சீட்டை நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தட்டினார். ஹேசல் கதவைத் திறந்தாள்.

"மெர்வின் மாமா?"

"அம்மா இருக்காளா?"

"இருக்காம எங்க ஓடப் போறேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் மெலிந்திருந்தது, கூர்மை குறையவில்லை.

ஐசா சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பூனை. சாலையில் தூரத்தில் பார்த்தபோது இவ்வளவு சிறுத்துப்போனது தெரியவில்லை. 

"கதவு தட்டத் தெரியுமாடா உனக்கு? இத்தனை வருஷமா எலி மாதிரி சீட்டைத் தள்ளிட்டு ஓடிட்டிருந்தியே."

"எப்படி இருக்க ஐசா?"

"செத்துட்டிருக்கேன். நீ எப்படி?"

அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, எப்போதும் போலச் செத்தவர்களிடமே போய் ஒளிந்துகொண்டார். "ஆதாம் எஸ்லரைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுது."

"பாரு ஹேசல், நான் சாகக் கெடக்கேன். இவன் ஆதாமைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

"அந்தக் காசு நம்ம வீட்டுல இருந்திருக்கவே கூடாது. இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா அந்த ஆளு பந்திக்குப் போகலை. தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"அம்மா போறதுக்கு முந்தின வாரத்துலேருந்து."

அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். ஆதாமும் வில்லியமும் பக்கத்துப் பக்கத்து நிலம். லினன் நாருக்காகச் செடியை ஊறப்போட்ட குட்டை வில்லியமுடையது. அந்த நாற்றத் தண்ணீரை அவன் ஓடையில் திறந்துவிட்டதில் ஆதாமின் பசு செத்துப்போயிற்று. ஆதாம் அந்த வாரம் மூப்பரிடம் யாரோடும் பகையில்லை என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டான். ஞாயிறன்று வாசல்வரை போனான். உள்ளே பந்தியில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் உட்கார ஆதாமால் முடியவில்லை, திரும்பி வந்துவிட்டான். சாகிறவரை பந்திக்குப் போகவில்லை. வில்லியமும் அதே பகையில் இரண்டாம் சபைக்குப் போய்விட்டான். சங்கீதமும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. ஒரு பசுமாடு.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்" என்றாள் ஐசா. "வந்தவங்க முன்னாடிதான் பெருமை. கடைசியில என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அதைக் கொண்டுபோய்ப் பந்தியில குடுத்துடு. நம்ம வீட்டுல இனி அது வேணாம்'னா. அதுக்குத்தான்டா ஆணியிலேருந்து எடுத்தேன். அடுத்த பந்திக்குக் கொண்டு போகலாம்னு கோட்டுப் பையில போட்டேன்."

மெர்வின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா? 'ஐசா, அது எங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா?" இருமல் வந்தது. ஹேசல் ஓடி வந்தாள். ஐசா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். "அதுக்கப்புறம் எப்படிக் கொண்டு போறது? தட்டு யார் கையில? உன் கையில. உள்ளுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே உன் தட்டுல எப்படிப் போடுறது? ஆதாம் பொய் சொல்லிக் காசு வாங்குனாரு, ஆனா பொய்யோட பந்தியில உட்காரலை. நானும் உட்காரலை. நீ? நீ ரொட்டியைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வரிசையா நடந்த."

அந்த வார்த்தை அவரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.  

"என்னை மன்னிச்சிடு ஐசா."

"யாரு முன்னாடி சொல்ற? இந்தப் பூனை முன்னாடியா?"

"ஐசா..."

"திருடின்னு சொன்னது எத்தனை பேரு முன்னாடி? அதுல பாதிப் பேரு அந்த நெனப்போடயே செத்தும் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களாவது கேக்கட்டும்." அவள் பக்கத்திலிருந்த பொத்தான் டப்பாவைத் திறந்து துழாவி, அந்த ஈயத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவருக்குக் காட்டினாள், கொடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வரேன். உன் முன்னாடி வந்து நிப்பேன். நீ சொன்னா தட்டுல போடுறேன். சொல்லலைன்னா திரும்பி வந்துடுவேன். இதையும் என்னோட பெட்டியில வச்சு மூடிடட்டும்."

"அன்னிக்கு வெளியூர்க்காரங்கல்லாம் வருவாங்க, ஐசா."

"வரட்டும். அவங்க பாட்டன்மாரு முக்காலியில நின்ன கதையை அவங்களுக்கே சொன்னவன்தானே நீ?"

அவர் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சீட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரம் மெர்வினுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் சோறு என்றால் உருளைக்கிழங்குதான், அதுவே இறங்கவில்லை. அச்சகத்துக்குப் போன் செய்து ஆதாமைப் பற்றிய பக்கத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அச்சாகி, தைத்து, அட்டையும் போட்டாயிற்று என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சொல்லிப் பார்த்தார். முதல் வார்த்தையிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர் சிரிக்குமே என்று பயம். மூப்பர் பதவியை விட வேண்டியிருக்குமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிறு வருவதற்குள் அவள் போய்விடுவாளோ என்று பயம். வெள்ளிக்கிழமை டாக்டரின் கார் ஐசாவின் சந்தில் திரும்பியதைப் பார்த்து ஜன்னலோரமே நின்றார். கார் திரும்பிப் போகிறவரை நின்றார்.

"என்னதான் சொல்லப் போற?" என்று வயலெட் கேட்டாள்.

"தெரியலை."

"உண்மையைச் சொல்லு. அது சின்னதுதான், நீதான் பெருசாக்கிட்ட."

ஞாயிறு காலை ஆலயம் பிதுங்கியது. மாடியெல்லாம் வெளியூர்க்காரர்கள். நடுப்பாதை நீளத்துக்கும் மேசை போட்டு லினன் விரித்திருந்தது. பெண்கள் சிலர் பாட்டிகளின் சால்வையைத் தேடிப் போர்த்தியிருந்தார்கள். போதகர் பழைய முறைப்படி பந்திக்கு வேலி கட்டினார். அதாவது யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எச்சரித்தார். பொய்யர் வரவேண்டாம், குடிகாரர் வரவேண்டாம், சகோதரனோடு மனஸ்தாபம் உள்ளவன் முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வரட்டும் என்றார். வெளியூர்க்காரர்கள் இதை அழகான பழைய வழக்கம் என்று ரசித்துக் கேட்டார்கள். மேசையின் முனையில் வெள்ளீயத் தட்டோடு நின்ற மெர்வின் தரையைப் பார்த்தார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். தேய்ந்த காசுகள் தட்டில் விழுந்தன. மெர்வின் யார் முகத்தையும் பார்க்காமல் கதவையே பார்த்தார். ஐசா வரவில்லை. மேசை நிறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டு மூன்று இடம்தான் மீதி. அவள் வரமாட்டாள், வர முடியாது என்று தோன்றியபோது அவருக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது. சாகிற அக்காள் வரவில்லை என்று நிம்மதிப்படுகிறவன் நீ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. ஹேசலின் தோளைப் பிடித்தபடி ஐசா உள்ளே வந்தாள். அம்மாவின் அடக்கத்துக்குப் போட்டிருந்த அதே கறுப்புக் கோட்டு. இப்போது அது அவள்மேல் இரண்டு சுற்றுச் சுற்றலாம் போலத் தொங்கியது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நின்று நின்று மூச்சு வாங்கி நடந்து வந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மேசையின் முனைக்கு வந்ததும் ஹேசலை விலக்கிவிட்டுத் தம்பிக்கு நேர் எதிரே நின்றாள். மூடிய கையைத் தட்டுக்கு மேலே நீட்டினாள். திறக்கவில்லை.

போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. மாடியில் யாரோ இருமினார்கள். மெர்வின் தட்டைப் பார்த்தார், அந்த எலும்புக் கையைப் பார்த்தார். அவள் கை மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது தானாகவே கீழே விழுந்துவிடும்.

"எங்கம்மா அடக்கத்தன்னிக்கு..." என்றார். குரல் வெளியே வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். "எங்கம்மா அடக்கத்தன்னிக்கு, உங்கள்ல ரொம்பப் பேரு இருந்தீங்க, அத்தனை பேரு முன்னாடியும் நான் ஐசாவைத் திருடின்னு சொன்னேன். அவ திருடலை. அம்மா சொன்னதைத்தான் செஞ்சா. நான் கேக்கலை. இத்தனை வருஷமா கேக்கலை. அந்தப் பாவத்தோடயே இந்தத் தட்டைப் புடிச்சுக்கிட்டு உங்களுக்கெல்லாம் ரொட்டி குடுத்தேன்." மூக்கை உறிஞ்சினார். "புத்தகத்துல ஆதாமைப் பத்தி எழுதினதும் பொய். அவரு பந்திக்கு வந்ததில்லை. எங்க வீட்டு ஆளுங்க பந்திக்காரங்க இல்லை. இவ ஒருத்திதான்."

 ஐசா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு விரல்களைத் திறந்தாள். காசு மற்றக் காசுகளின் மேல் விழுந்தது. எழுத்துத் தேயாத ஒரே காசு. வேறு எந்தக் காசோடும் அது கலந்துபோகாது என்று மெர்வினுக்குத் தெரிந்தது.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடைசி வரையில் சொல்லவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹேசல் பிடித்துக்கொள்ள, மேசையில் மிச்சமிருந்த இடத்தில் மெல்ல உட்கார்ந்தாள். மெர்வின் தட்டோடு அங்கேயே நின்றார். மூப்பர் கடைசியில்தான் உட்கார வேண்டும். ஆனால் அவருக்கு உட்காரும் எண்ணமே இல்லை. தட்டைப் போதகர் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். ஆதாம் திரும்பிய அதே வாசல்.

"டேய்" என்றாள் ஐசா. ஆலயம் முழுக்கக் கேட்டது. அவள் ஒருபக்கமாக நகர்ந்து, பக்கத்தில் கோட்டின் ஓரத்தை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தாள். "எங்க போற? வந்து உட்காரு. ரொம்ப நாளைக்கு என்னால இடம் புடிச்சு வைக்க முடியாது."

அவர் போய் உட்கார்ந்தார். அவர் கையில் பந்திக்காசு இல்லை. யாரும் கேட்கவில்லை.